நடந்து போன பள்ளிக்கூடம்

எதிர்வீட்டுக் கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கிறார்கள். பனையோலைத் தட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரோரம் சாய்க்கிறார்கள். காய்ந்த ஓலையின் வாசனை ஜன்னல் வழியே வந்ததும் என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. வாசலுக்குப் போனேன். ஒருவன் ஒரு தட்டியைத் தனியாகத் தூக்கத் திணறிக்கொண்டிருந்தான். மறுமுனையைப் பிடிக்க நான் படியிறங்கிவிட்டேன். "நீங்க போங்க டீச்சர், நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சிரித்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். புதுத் துறைமுகத்திலிருந்து கரி ஏற்றி வரும் லாரிகள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் இந்தக் காகிதத்தை எடுத்தேன். உனக்கு எழுதினாலாவது உடம்பு ஓர் இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. போன வாரம் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வைப்பாற்றுக்கு வடக்கே உள்ள கடற்கரை ஊர்களில் யார் யார் குடியிருந்தார்கள், முதல் பள்ளிக்கூடங்கள் எப்படி வந்தன என்று எழுதப்போகிறார்களாம். "உங்க பள்ளிக்கூடம் மொதல்ல எந்த எடத்துல இருந்துச்சு டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எந்த இடத்தைச் சொல்வது? ஞாபகமில்லை என்று அவளாகவே நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

நம் ஊர் இரண்டு தெருக்கள்தானே. கடலைப் பார்த்தபடி மாதா கோயில். அதைச் சுற்றி என் ஆட்கள், வள்ளமும் தோணியுமாகப் பிழைத்தவர்கள், நானூறு வருடத்துக்கு முன்பே வேதத்தில் சேர்ந்த குடும்பங்கள். மணல்மேடு தாண்டினால் உன் தெரு. அம்மன் கோயில், ஓலை வீடுகள், அப்பால் கண் போகிற தூரம்வரை பனை. மீன் வாங்க நீங்கள் எங்கள் பக்கம் வருவீர்கள், கருப்பட்டி வாங்க நாங்கள் உங்கள் பக்கம் வருவோம், அதோடு சரி. முத்துக்குளிப்புக் காலத்தில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து கரையில் கொட்டகை போட்டதாக என் அப்பா சொல்வார். நாம் தலையெடுத்த நாட்களில் முத்து இல்லை. சங்குக்குளிப்பு மட்டும் நடந்தது.

பள்ளிக்கூடம் என்று சொல்ல என்ன இருந்தது? எங்கள் கோயில் வளவுக்குள் உபதேசியார் ஒருவர் பையன்களுக்குச் செப மந்திரமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். பெண்பிள்ளைகளுக்கு மந்திரம் மட்டும். உன் பக்கத்தில் எப்போதோ மிஷன்காரர்கள் ஒரு பள்ளி கட்டி, நடத்த ஆளில்லாமல் விட்டுப்போய், அது செங்கற்குவியலாகக் கிடந்தது. அந்தச் செங்கல்லை எடுத்துத்தான் உன் அண்ணன் பதநீர் காய்ச்ச அடுப்புப் போட்டிருந்தார்.

"எங்க ஊருக்கு வந்த மொதப் பள்ளிக்கூடம் அடுப்பாப் போச்சு" என்று பாளையங்கோட்டைப் பயிற்சிப் பள்ளியில் நீ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாய். என் ஊரேதான். ஒரு மணல்மேட்டின் இரண்டு பக்கமும் வளர்ந்த நாம் அறிமுகமாக அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

அங்கேயே உன்னைப் பற்றிப் புகார் உண்டு. வகுப்பில் நீ உட்கார மாட்டாய். சுவரில் சாய்ந்து நின்றபடி குறிப்பு எழுதுவாய். மாதிரிப் பாடம் நடத்தும்போது கரும்பலகைப் பக்கமே நிற்காமல் பிள்ளைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாய். பயிற்சி முடிந்ததும் எனக்குத் தூத்துக்குடியில் ஒரு கான்வென்ட்டில் வேலை தயாராக இருந்தது. "அங்க ஏற்கெனவே டீச்சர் இருக்காவ. நம்மூருல யாருளா இருக்கா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியோடு பஸ்ஸில் ஏறி இரண்டு பேரும் ஊருக்கே வந்துவிட்டோம். என் அப்பா தோணித் தலைவராக, தண்டலாக, கொழும்புக்கும் கொச்சிக்கும் ஓடியவர். திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

உலகச் சண்டை தொடங்கியிருந்த காலம். உன் தெருவில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த அண்ணாச்சி பள்ளிக்கு மானேஜராகக் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். இரண்டு தெருவுக்கும் நடுவே இருந்த மணல்திட்டில் உன் அண்ணன் பனங்கம்பு நட்டார், என் தெருக்காரர்கள் பழைய பாய்மரக் கயிற்றால் கட்டிக்கொடுத்தார்கள், மேலே ஓலை. சர்க்கார் அங்கீகாரம் வந்தால் மானியம் வரும். அதுவரை இரண்டு தெருவும் சோறு போட்டது. ஐப்பசியில் தொடங்கினோம். கடற்கரைப் பிள்ளைகள் ஒரு பக்கம், பனங்காட்டுப் பிள்ளைகள் மறுபக்கம் என்று தானாகவே பிரிந்து உட்கார்ந்தன. நீ நடுவில் நடந்து நடந்தே அந்தக் கோட்டை அழித்தாய். மார்கழிக்குள் யார் எந்தத் தெரு என்று பார்த்தால் தெரியவில்லை.

மாசி பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை காலையில் பாதிக் கொட்டகை காலியாக இருந்தது. பனைகளில் பாளை விட்டுவிட்டது. உன் தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு பனங்காட்டுக்குள் போய்விட்டது. மரத்தடியிலேயே விடிலி என்கிற குடிசை போட்டு, ஆண்கள் மரம் ஏற, பெண்கள் பதநீர் காய்ச்ச, பிள்ளைகள் சுள்ளி பொறுக்க, ஆடிவரைக்கும் அங்கேதான் வாழ்க்கை. இது எனக்குப் புதிது. உனக்குப் புதிதில்லை, நீ அப்படி வளர்ந்தவள்தான். அன்று முழுக்க நீ கொட்டகைக்குள் நிற்கவே இல்லை. வெளியே போய்க் காட்டுப்பக்கம் பார்ப்பாய், உள்ளே வருவாய், மறுபடி போவாய்.

சாயங்காலம் சொன்னாய்: "புள்ளைய இங்கன வராது. நாமதான் போவணும்."

"அப்ப கடக்கரப் புள்ளைய?"

"அதுகளையும் கூட்டிட்டுப் போவோம். நடந்தா என்ன, காலு இல்லையா?"

மிக்கேலம்மாவை உனக்கு நினைவிருக்கும். நாலு பிள்ளைகளை நம்மிடம் அனுப்பியவள், என் தெருவில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு உன் முன்னால் நின்றாள். "காட்டுக்குள்ள போயி எம்புள்ள என்னத்தப் படிக்கும்? மரம் ஏறவா?" என்று கேட்டாள். "படிப்பும் உண்டு, பதநீரும் உண்டு. நீங்களும் ஒருநா வந்து பாருங்கக்கா" என்றாய் நீ. அவள் மறுநாள் வந்து பார்த்தாள். இரண்டு ஓலைப்பட்டை பதநீர் குடித்தாள். போகும்போது, "மத்தியானத்துக்குள்ள அனுப்பிரணும்" என்று மட்டும் சொன்னாள்.

அப்படித்தான் நம் கொட்டகை முதல்முறை நடந்தது. கம்பைப் பிடுங்கி, தட்டியைச் சுருட்டி, பெரிய பிள்ளைகள் தலையில் ஏற்றி, மணல்பாதையில் கொண்டுபோய் விடிலிகளுக்கு நடுவே நட்டோம். ஆடி கழிந்ததும் பிடுங்கிக்கொண்டு திரும்பினோம். அடுத்த வருடம் மறுபடி.

அந்த அடுத்த வருடத்தில்தான் இன்ஸ்பெக்டர் வந்தார். அங்கீகாரத்துக்காகப் பார்வையிட மாசிக் கடைசியில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அதுவரை கொட்டகையை நகர்த்த வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். பாளை அந்த வருடம் முந்திக்கொண்டது. "மரம் இன்ஸ்பெக்டருக்காவக் காத்து நிக்குமா?" என்று நீ கம்பைப் பிடுங்கிவிட்டாய். அவரோ சொன்ன தேதிக்கு முன்பே, நாம் நகர்ந்த அன்று காலையிலேயே, மாட்டுவண்டியில் வந்து இறங்கிவிட்டார். மணல்திட்டில் அவர் பார்த்ததெல்லாம் கம்பு பிடுங்கிய குழிகள். பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டிருக்கிறார். "இப்பத்தான் போச்சு, அந்தப் பாதையில" என்று மிக்கேலம்மா கை காட்டியிருக்கிறாள்.

பாதி வழியில் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினோம். நம் தலையெல்லாம் ஓலைத்தூசி. கரும்பலகை ஒரு பையன் முதுகில். நீ கொஞ்சமும் அசையவில்லை. "எல்லாரும் அப்படியே உக்காருங்க" என்றாய். பிள்ளைகள் சுமையை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்தன. கரும்பலகையை ஒரு பனைமரத்தில் சாத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பூகோளப் பாடத்தைத் தொடங்கினாய். பிள்ளைகளிடம், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, அந்தக் காற்றில் கொழும்புக்குப் போகிற தோணி எப்படிப் பாய் வைக்கும், பனையேறுகிறவன் எந்தப் பக்கம் முதுகைக் கொடுப்பான் என்று கேட்டாய். கடற்கரைப் பிள்ளைக்கு விடை தெரியாத இடத்தில் பனங்காட்டுப் பிள்ளை சொன்னது. இன்ஸ்பெக்டர் வண்டியிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். குரலை உயர்த்தத் தெரியாதவர். "பாடம் நன்னா இருக்கு" என்றார். "ஆனா எனக்கு ஒரு இடம் வேணும் அம்மா. இன்ன ஊர், இன்ன கட்டடம்னு எழுதணும். நடந்துண்டே இருக்கற பள்ளிக்கூடத்துக்கு நான் என்னன்னு எழுதுவேன்? அடுத்த தடவை வரச்சே ஒரே இடத்தில் இருந்தால் அங்கீகாரம். இல்லேன்னா என்னால் ஒண்ணும் முடியாது."

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக் குசினியில் நமக்குள் நடந்ததை இப்போது நினைத்தாலும் என் குரல் ஏறிவிடுகிறது. மணல்திட்டிலேயே நிலையாக இருப்போம் என்றேன். அங்கீகாரம் வரட்டும், சுவர் எழும்பட்டும், பாதிப் பிள்ளைகளாவது விடாமல் படிக்கட்டும் என்றேன்.

நீ அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாய். நின்று திரும்பினாய். "எந்தப் பாதி?" என்றாய்.

என் அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி அப்படியே ஆறியது. நான் என்னென்னவோ சொன்னேன். இரண்டு தெருவும் எத்தனை நாளைக்குத்தான் நமக்குச் சோறு போடும் என்றேன். ஒரு சர்க்கார் ஆள் நமக்காக இவ்வளவு இறங்கி வருவது எளிதல்ல என்றேன். நான் சொன்னதில் தப்பில்லை என்று நீயும் ஒப்புக்கொண்டாய். கடைசியில், "செரி. நீ இங்கன இரு. நா அங்கன போறேன்" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொன்னாய்.

அங்கீகாரம் வந்தது. உன் பெயர் இல்லாமல் வந்தது. மணல்திட்டில் மண்சுவரும் ஒரு கதவும் வைத்துக் கட்டினார்கள். ஆவணியிலிருந்து தைவரை என்னிடம் இரண்டு தெருப் பிள்ளைகளும் இருந்தன. மாசியில் ஒரு பாதி உன்னிடம் போகும். உனக்குச் சம்பளம் கிடையாது. விடிலிக்கு ஒரு வேளையாக உன் ஆட்கள் உனக்குச் சோறு போட்டார்கள். சனிக்கிழமைகளில் நான் காட்டுக்கு நடந்து வருவேன். பேசிக்கொள்வோம், சிரித்துக்கொள்வோம். ஆனால் நான் கிளம்பும்போது நீ வழியனுப்ப வர மாட்டாய். எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

பர்மா அரிசி நின்றுபோன பிறகு வந்த அந்தக் கோடையை நான் மறக்கவே மாட்டேன். கடலில் சண்டைக் கப்பல்களுக்குப் பயந்து வள்ளங்கள் கரையைவிட்டுத் தூரம் போகவில்லை. கரையோரம் மீனும் இல்லை. என் தெருவில் அடுப்புப் புகையாத வீடுகள் கூடிக்கொண்டே போயின. என் அப்பாவின் தோணியே கரையில் ஏறிக் கிடந்தது. முதலில் ஒரு பிள்ளை வரவில்லை. அப்புறம் நாலு. பிறகு ஒரு நாள் காலை நான் கதவைத் திறந்து, மணியடித்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. மறுபடி மணியடித்தேன். வாசலில் ஓர் ஆடு நின்று பார்த்துவிட்டுப் போனது.

தெருவில் இறங்கிப் போனேன். மிக்கேலம்மா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீடும் அப்படித்தான். திண்டாட்டம் பொறுக்காமல் என் தெருவே காட்டுக்குள் போயிருந்தது. உன் ஆட்கள் மரமேற, என் ஆட்கள் விறகு சுமந்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், கருப்பட்டி வைக்க ஓலைப்பெட்டி முடையப் பழகிக்கொண்டிருந்தார்கள். கூலியாகப் பதநீரும் கருப்பட்டியும் நுங்கும். வலை பின்னிய கைகள் பெட்டி முடைவதை உன் அண்ணி பெருமையாகச் சொல்வாள்.

நான் கதவைப் பூட்டினேன். மணியைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தேன். மணல் சுட்டது. வழியெல்லாம் உன்னிடம் என்ன சொல்வது என்று கோத்துப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. அங்கே நீ இரண்டு தெருப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, நிழல் நகர நகர வகுப்பையும் நகர்த்திக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். கையிலிருந்த மணியைப் பார்த்தாய்.

"சின்னப் புள்ளைய அந்த மரத்தடியில இருக்கு. கணக்கு நீ எடு. எனக்குத் தொண்ட கட்டிட்டு" என்றாய். அவ்வளவுதான் நாம் பேசியது.

இன்ஸ்பெக்டர் அந்தக் கோடையிலும் வந்தார். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, வண்டி மணலில் இறங்காததால் குடையோடு நடந்தே காட்டுக்கு வந்து சேர்ந்தார். வேர்த்துக்கொட்டி நின்றவருக்கு மிக்கேலம்மாவே பட்டை பிடித்துப் பதநீர் ஊற்றினாள். குடித்து முடித்துவிட்டுப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முந்திக்கொண்டேன். "சார், நீங்க சொன்ன எடம் அங்கனதான் இருக்கு. கதவு இருக்கு, சுவரு இருக்கு. புள்ளைய மட்டும் இங்கன இருக்கு. எதை வச்சுப் பள்ளிக்கூடம்னு எழுதுவீங்க?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அப்படிப் பேசுவேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

அவர் குடையை மடித்துத் தரையில் ஊன்றினார். "பஞ்சம் காரணமாகத் தற்காலிக இடமாற்றம்னு எழுதறேன்" என்றார். "இரண்டு ஆசிரியைகள்னும் எழுதறேன்."

"தற்காலிகம்னா எத்தன வருசத்துக்கு சார்?" என்று கேட்டாய் நீ.

"அதை நான் கேக்கப் போறதில்லை. நீங்களும் என்னைக் கேக்காதீங்கோ."

அந்தத் தற்காலிகம் நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் முடியவில்லை. ஒவ்வொரு மாசியும் பள்ளிக்கூடம் காட்டுக்கு நடந்தது, ஒவ்வொரு ஆடியும் திரும்பி வந்தது. நம்மிடம் படித்த உன் தெருப் பையன்கள் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் கடைகளுக்குப் போனார்கள். என் தெருப் பெண்களில் இரண்டு பேர் பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்குப் போனார்கள். மரமேறுகிறவர்கள் குறையக் குறைய விடிலிகளும் குறைந்தன. பள்ளி தொடங்கிப் பத்தாண்டு முடிகிற வேளையில் கருப்பட்டிக் கடை அண்ணாச்சி மணல்திட்டில் கல்கட்டடம் எழுப்பி ஓடு வேய்ந்தார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். திறப்பு நாளன்று நீ சுவரை ஒரு சுற்றுத் தடவிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றாய். "நல்லாத்தான் இருக்கு. இனி இது எங்கயும் போவாது, பாத்துக்கோ" என்றாய்.

அந்த மாதம் முடிவதற்குள் நீ தெற்கே செம்மண் தேரிக்குப் போய்விட்டாய். அங்கே பள்ளியே இல்லாத குடியிருப்புகள் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். அங்கே ஒன்று நிலைத்ததும் இன்னோர் ஊர். அதற்கப்புறம் இன்னொன்று. உன் கல்யாணத்துக்கே வகுப்பை முடித்துவிட்டுத்தான் வந்தாய் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தக் கல்கட்டடத்திலேயே இருந்து, தலைமையாசிரியையாகி, ஓய்வு பெற்று, தம்பி வீட்டோடு தூத்துக்குடி வந்துவிட்டேன். என்னை எல்லாரும் நிலையான ஆள் என்பார்கள். ஒவ்வொரு மாசியிலும் எனக்கு ராத்தூக்கம் கெட்டதும், காரணமில்லாமல் காட்டுப்பாதையில் நடந்துவிட்டு வந்ததும் அவர்களுக்குத் தெரியாது.

உன் சாவுக்குத் துட்டி கேட்க வந்திருந்தபோது உன் மகன் சொன்னான். படுக்கையில் விழுந்த பிறகும் நீ கட்டிலை ஓர் இடத்தில் போட விடவில்லையாம். காலையில் வேப்பமரத்தடி, மத்தியானம் அடுக்களைப் பக்கம், சாயங்காலம் தெருவாசல். "எங்களப் போட்டு அந்தப் பாடு படுத்திட்டாவ அத்த" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் மகனும் சிரித்துவிட்டான்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இந்தத் தூத்துக்குடித் தெருவில் ஒரு சிறுமி, சாயங்காலங்களில் என்னிடம் வந்து வாய்ப்பாடு சொல்வாள். சில நாட்களாகக் காணோம். விசாரித்ததில், உப்பு வாரும் காலம் என்று குடும்பமே தருவைகுளத்துப் பக்கம் உப்பளத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டேன், வராத பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். தம்பி மனைவி, "மயினி, இந்த வெயில்ல எங்க கெளம்புதீங்க?" என்று கேட்கும்போது நான் பஸ்ஸுக்காக நடந்துகொண்டிருந்தேன்.

உப்பளத்தில் கண் கூசியது. பாத்திக் கரையில் ஓலை மறைப்புக் கட்டியிருந்தார்கள். அந்தச் சிறுமியோடு இன்னும் நிறையப் பிள்ளைகள் அங்கே இருந்தன. யாரும் அவர்களைத் தேடி வந்திருக்கவில்லை. நான் நின்றபடியே வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். எல்லாம் வந்து சுற்றி நின்றுகொண்டன. அவளுடைய அம்மா உப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என் காலில் ஒட்டிய சேற்றைப் பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே டீச்சர். யாரு உங்கள அனுப்புனது?"

"யாரும் அனுப்பல தாயி" என்றேன்.

அது பொய் என்று உனக்குத் தெரியும்.